ஊர் கூடிக் காத்த ஏரி



வாலாஜாபாத் வட்டாரத்துப் பள்ளிகளில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். பணியிலிருந்த நாளில் ஒருமுறை பத்தாம் வகுப்பில் ஆங்கில மரபுத்தொடர்களை விளக்கிக் கொண்டிருந்தேன். 'பல கைகள் சேர்ந்தால் வேலை இலேசாகும்' என்னும் பொருளுடைய தொடரைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறினேன். அடுத்த வரியில், 'சமையற்காரர் பலரானால் குழம்பு கெடும்' என்னும் பொருளுடைய தொடரையும் எழுதினேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இவ்விரண்டில் எது உண்மை? இரண்டையும் படித்தால் நான் எதை நம்புவது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "இடத்துக்கு ஏற்றபடி" என்று மழுப்பிவிட்டேன். அது விடையன்று என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கேள்விக்கு உரிய விடை நான் வைத்திருந்த இலக்கண நூல்களில் இல்லை. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும், அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலும் அது கிடந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அதனையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஓரகடத்திலும் திருப்பெரும்பூதூரிலும் உள்ள ஆலைகளில் வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒவ்வொருவரும் இன்று 'டீம்' என்ற சொல்லைக் கேட்காத நாள் இல்லை. நேர்முகத் தேர்விலும் அதுவே. பயிற்சி வகுப்பிலும் அதுவே. உணவுக்கூடத்துச் சுவரிலும் அதுவே. இச்சொல் பழைய ஆங்கிலத்தில் ஒரு தாய் ஈன்ற குட்டிகளைக் குறித்தது. பின்னர் ஒரே நுகத்தில் பூட்டிய விலங்குகளுக்கு ஆயிற்று. மனிதர் கூட்டத்துக்கு அது பெயரானது அதற்கும் பிற்பட்ட காலத்தில்தான். 'டீம் ஒர்க்' என்பதும் தொடக்கத்தில் பூட்டிய குதிரைகளைக் கொண்டு செய்யும் வேலையையே குறித்தது. கணினி முன் அமர்ந்து அச்சொல்லை வழங்குவோர் தம் கழுத்தில் ஒரு நுகத்தடி கிடப்பதை உணர்வதில்லை!

'தன் எடைக்குத் தக்கபடி இழுத்தல்' என்று ஆங்கிலேயர் கூறுவது துடுப்புப் படகிலிருந்து வந்தது. படகில் அமர்ந்த ஒருவன், தன் உடல் எடையைத் தானே நகர்த்தும் அளவுக்கேனும் துடுப்பை வலிக்காவிட்டால், அவன் பிறர்க்குச் சுமை. தனித்துச் செயல்படுவதற்கோ அவர்கள் ஏரைத் துணைக்கு அழைப்பர். பிரிட்டனின் முன்னாள் தலைமை அமைச்சர் ரோஸ்பரி பிரபு, 1901-ஆம் ஆண்டில் தம் கட்சியினரோடு கருத்து மாறுபட்டபோது, தம் சாலைத் தாமே தனித்து உழப்போவதாகக் கூறினார். 'தனிச் சால் உழுதல்' என்னும் வழக்கு அதன்பின் பெரிதும் பரவிற்று.

நம் மொழியும் இத்துறையில் வறியதன்று. 'ஊர் கூடித் தேர் இழு' என்போம். 'தனிமரம் தோப்பாகாது' என்போம். 'ஒரு கை தட்டினால் ஓசை எழாது' என்போம். உழவிலிருந்து 'முன்னேர் போன வழிப் பின்னேர்' என்ற பழமொழி வந்தது. ஆனால் மாணவன் எழுப்பிய ஐயம் இங்கும் உண்டு. 'பல பேர் கண்ட பாம்பு சாகாது' என்ற பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பத்துப் பேர் கோலோடு நிற்கையில், அடுத்தவன் அடிப்பான் என்று ஒவ்வொருவனும் காத்திருப்பான். பாம்பு வேலிக்குள் புகுந்துவிடும். 'தன் கையே தனக்குதவி' என்பதும் நம் முன்னோர் வாக்குத்தான். தேரையும் இழுக்கச் சொல்கிறார்கள். பாம்பையும் காட்டி எச்சரிக்கிறார்கள்.

தேரைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். தேரோட்டத்தை அருகே நின்று பார்த்தவர்க்குத் தெரியும்; வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பினும், அவர்களால் தேரை முன்னே இழுக்க முடியுமேயன்றித் திருப்ப முடியாது; நிறுத்தவும் முடியாது. அதற்கென்றே சக்கரத்தருகே கட்டையை ஏந்தியவாறு ஓரிருவர் குனிந்து ஓடுவர். உரிய நொடியில் உரிய கோணத்தில் கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுப்பது அவர் வேலை. ஒரு விரற்கடை தவறினால் கால் போகும். தேர் வீட்டுச் சுவரில் மோதும். அந்தக் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். நாமோ 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பதை வசைமொழியாக்கிவிட்டோம்! ஊர் கூடி இழுக்கும் தேரைத் தெருவில் கொண்டு நிறுத்துபவன் அவனே என்பதை மறந்து வழங்கும் வழக்கு இது. கூட்டத்தின் வலிமையும் தனியொருவனின் கவனமும் சேர்ந்தே தேரோட்டம் நடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஏரிக்கு வருவோம்.

காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதி ஏரிகளின் நாடு. பாலாறு வாலாஜாபாத்தின் ஓரமாக ஓடுகிறது என்று நிலப்படம் கூறும். ஆண்டின் பெரும்பகுதியில் ஓடுவது மணலே. ஆகவே பெய்யும் மழையைப் பிடித்து வைத்தாலன்றி இங்கு நெல் இல்லை. எங்கள் ஊருக்கு அருகேயுள்ள தென்னேரி இப்பகுதியின் பெரிய ஏரிகளுள் ஒன்று. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்று என்று கூறுவாரும் உளர். தமிழ்நாடு முழுவதிலும் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் கணக்கில் உள்ளன. ஏரி என்றால் வெட்டிவிட்டுப் போகும் குழியன்று. கரை ஆண்டுதோறும் கரையும், மதகு அடைக்கும், கலிங்கு பெயரும், வரத்துக் கால்வாயில் புதர் மண்டும், அடியில் வண்டல் படியும். பத்தாண்டு கவனியாமல் விட்டால் ஏரி மேடாகும். ஆற்றுக்குள் மணலைத் தோண்டி ஊற்று நீரைக் கொண்டுவரும் ஊற்றுக்கால்களோ ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தோண்டப்பட வேண்டியவை. ஒரு வெள்ளம் வந்தால் சென்ற ஆண்டின் உழைப்பு மணலுள் மறையும்.

இத்தகைய வேலை தனியொருவனால் ஆகாது. பலரிடம் விட்டாலோ பல பேர் கண்ட பாம்பின் கதை. அடுத்தவன் மண் சுமந்தால் எனக்கும் நீர் பாயும். நான் ஏன் கூடையைத் தூக்க வேண்டும் என்று ஒருவன் நினைப்பான். ஊரில் நூறு பேரும் அவ்வாறே நினைத்தால் கரை உடையும். உத்தரமேரூர்க் கல்வெட்டை இந்தக் கண்கொண்டு படிக்க வேண்டும்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் உள்ளன. 'குடவோலைத் தேர்தல்' என்று பாடநூலில் இரண்டு வரியில் நீங்கள் படித்தது இவற்றைத்தான். நம் நாட்டு மக்களாட்சியின் பெருமைக்குச் சான்று என்று மேடைகளில் இதனைப் பாராட்டுவர். எனக்கோ இதன் பெருமை வேறிடத்தில் தோன்றுகிறது. 'ஒன்றுகூடுங்கள், நல்லவராயிருங்கள்' என்று இக்கல்வெட்டு யாருக்கும் அறிவுரை கூறவில்லை. மனிதர் எங்கெங்கே நழுவுவர் என்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, அங்கங்கே ஆப்பு வைக்கிறது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். தகுதி என்னவென்றால், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் மனையில் தானே வீடு கட்டி வாழ வேண்டும். அகவை 35-க்கு மேல், 70-க்குள். வேத நூல்களில் பயிற்சி வேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவன் ஆகாது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவன் எக்காலத்தும் ஆகான். அவனோடு முடியவில்லை, அவன் சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், உடன்பிறந்தார் என்று உறவினர் பட்டியல் ஒன்று நீள்கிறது, அவர்களும் ஆகார்! கணக்கைக் காட்டாமல் ஒருவன் வீட்டில் இருந்துவிட்டால், தீபாவளிக்கு வரும் மைத்துனன் அவனை என்ன கேள்வி கேட்டிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரார் உறவுமுறையையே தணிக்கைத் துறையாக்கிவிட்டனர்.

ஓலை எடுக்கும் முறையைப் பாருங்கள். சிறுவர் முதல் முதியோர் வரை சபையார் கூடுவர். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் அனைவரும் தப்பாமல் மண்டபத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் தெரியக் காட்டுவார். உள்ளே உள்ளது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலைக் கட்டு ஒன்றை எடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதனை எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலும் விரிய, உள்ளங்கை தெரிய வாங்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம் அல்லவா! அவன் படித்த பெயரை நம்பிமார் அனைவரும் மீண்டும் படிப்பர். அதன்பின்தான் அது பெயர்.

இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள், அறிவிலும் அகவையிலும் மூத்து, முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்த பன்னிருவர் ஆண்டு வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். ஆட்சிக்காலம் 360 நாள். குற்றம் கண்டால் நடுவிலேயே நீக்கம். ஏரியில் தூர் எடுப்பதற்கென்றே பொன்னும் நெல்லும் முதலாக வைத்த கொடைகளும் இந்நாட்டுக் கல்வெட்டுகளில் பல உண்டு. உத்தரமேரூரின் பெரிய ஏரியாகிய வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. மன்னர் மாறினும் ஏரியைக் காக்கும் ஏற்பாடு மாறவில்லை.

இதைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொண்டால் வரலாற்று ஆசிரியன் என்ற பெயருக்கு நான் தகுதியில்லாதவன். குடத்தில் இடப்பட்ட ஓலைகளில் யார் பெயர் இருந்தது? நிலமுடைய அந்தண ஆடவர் பெயர் மட்டுமே. பெண்கள் இல்லை, உழுதவர் இல்லை, ஏரிக்கு மண் சுமந்தவர் இல்லை. ஏரி வாரியத்தார் அறுவர் கையில் கூடை இருந்திராது. கூடை யார் தலையில் இருந்தது?

அதற்கு விடை ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. 'வெட்டி வேலை' என்று இன்று பயனற்ற வேலையைக் கூறுகிறோம். வேலையில்லாமல் திரிபவனை 'வெட்டியாக இருக்கிறான்' என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது அடிக்கடி வரும் சொல். கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு அது. வரிகளோடு சேர்த்தே அது எண்ணப்படும். ஏரி, கால்வாய் வேலைகள் பல அவ்வகையில் நடந்தவை. கூலி இல்லாத உழைப்பு என்ற பொருள் காலப்போக்கில் பயன் இல்லாத உழைப்பு என்று திரிந்துவிட்டது. ஊருக்கே சோறு தந்த வேலைக்கு மொழி கொடுத்த பட்டம் இது! ஆகவே 'ஊர் கூடி' என்னும் சொற்களைப் படிக்கும்போதெல்லாம், எவர் விரும்பிக் கூடினர், எவர் கூட்டப்பட்டனர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பழக்கம் தேர்வுக்கு உதவாவிட்டாலும் வாழ்க்கைக்கு உதவும்.

காலத்தைத் தாண்டிப் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா, செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்த நவாபு இன்றும் வாழ்கிறார். கும்பினியார் தமக்குக் கிடைத்தது இன்னதென்று அறிய, 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தனர். ஊர்க் கணக்கர் ஓலைகளில் எழுதி வைத்த விவரங்களும் இதற்கு அடிப்படை. அவற்றில் ஓர் அருமையான ஏற்பாட்டைக் காண்கிறோம். களத்தில் நெல் அடித்துக் குவித்தபின், அரசின் பங்கும் உழவன் பங்கும் பிரிப்பதற்கு முன்பே, பொதுக் குவியலிலிருந்து சில பங்குகள் எடுத்து வைக்கப்படும். அவற்றுக்கு மேரை என்று பெயர். கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, நீர் பாய்ச்சுவோனுக்கு என்று ஒவ்வொருவருக்கும் அளவு உண்டு. ஏரியும் அங்கே ஒரு பங்காளி! ஏரியைப் பழுது பார்க்கவும் ஒரு பங்கு எடுத்து வைத்தனர்.

நீர் பாய்ச்சுவோனை நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் இடத்துக்கு ஏற்ப வழங்குவர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராகவே அவர் இருந்தார். எந்த மதகை எவ்வளவு நேரம் திறப்பது, கடைமடைக்கு நீர் சேர்ந்ததா, கரையில் எங்கே கசிவு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. தமக்கென வயல் இல்லாதவராகையால் யார் வயலுக்கும் சாயாமல் பங்கிடுவார் என்பது இம்முறையின் நுட்பம் என்று சிலர் புகழ்வர். நிலம் கொடுக்காமல் வைத்திருந்ததற்கு இப்படியும் ஒரு பாராட்டா என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் தேருக்கு முட்டுக்கட்டை போடுவோன் எப்படியோ, ஏரிக்கு அவர் அப்படி என்பதில் ஐயமில்லை.

பின் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பு. காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படை அழிந்தது, இச்சீமையும் பாழாயிற்று. ஊர்கள் வெறிச்சோடின, கரைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு என்பவர் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரி உடையும் தறுவாயில் இராமலக்குமணர் வில்லேந்திக் கரையைக் காத்ததை அத்துரை கண்டார் என்னும் கதையும், ஏரிகாத்த இராமர் என்ற திருப்பெயரும் நீங்கள் அறிந்தவையே. கதையில் கடவுள் இருக்கிறார், கலெக்டரும் இருக்கிறார். அம்மழையிரவில் கூடையோடு கரையில் நின்றவர் எவரும் கதையில் இல்லை.

பின்னர் இரயத்துவாரி முறை வந்தது. தாமஸ் மன்றோ 1820-இல் சென்னை மாகாண ஆளுநரானபின் அதுவே பொதுமுறையாயிற்று. அரசுக்கும் உழவனுக்கும் நடுவே எவரும் இல்லை. ஒவ்வொருவனுக்கும் தனிப் பட்டா. ஒவ்வொருவனும் தனியே வரி செலுத்துவான். இடைத்தரகர் ஒழிந்தது நன்மையே. ஆனால் அரசின் கணக்கில் ஊர் என்ற ஒன்று மங்கிப் பட்டாதாரர் பட்டியலே எஞ்சிற்று. களத்துப் பொதுக் குவியல் மறைந்தது. அதிலிருந்து ஏரிக்கு எடுத்து வைத்த பங்கும் தேய்ந்தது. வரி முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. கரைக்கு மண் போடும் கடமை மட்டும் ஊரின் தலையில் நின்றது. அக்கடமைக்குக் குடிமராமத்து என்று பெயர். குடி என்பது தமிழ். மராமத்து என்பது அரபு மொழியிலிருந்து பாரசீகத்தின் வழியே வந்த சொல். பழுதுபார்த்தல் என்று பொருள். சொல்லளவில் நல்ல கூட்டுறவு, செயலளவில்தான் குறைந்துவிட்டது.

குறைந்தது எவ்வளவு என்பதை 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டம் காட்டும். சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதனை வழங்குவர். கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் உழைப்பாளிகளைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது அது. வழக்கப்படி ஊரார் கூடிச் செய்யும் பாசன வேலைக்கு வராமல் நிற்பவன், தான் தர வேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. வழக்கம் உயிரோடிருந்தால் சட்டம் எதற்கு? மூச்சு நின்ற வழக்கத்துக்கு அரசு கோலூன்றிக் கொடுத்தது. உத்தரமேரூரிலும் தண்டனை உண்டு என்று நீங்கள் கூறலாம். உண்மை. ஆனால் அங்கே விதித்தவரும் விதிக்கு உட்பட்டவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்தனர். கணக்குக் கேட்பவரும் அவரே. இங்கோ விதித்தவர் கோட்டையில்; மண் சுமப்பவர் கரையில்; கணக்குக் கேட்க எவருக்கும் வழியில்லை. அன்று கூடையைத் தூக்கியவர் நிலைமை மட்டும் இரண்டிலும் பெரிதும் வேறுபடவில்லை.

இந்நிலையில் இதே சீமையில் கூடிச் செய்தலுக்குப் புதியதொரு வித்து விழுந்ததை மாணவர் பலர் அறியார். கடன்பட்ட உழவரின் நிலையை ஆராய்ந்த பிரடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் தம் அறிக்கையை இரு பகுதிகளாக வெளியிட்டார். ஜெர்மனியில் சிற்றூர்தோறும் கடன் சங்கங்களை நிறுவிய ரைபைசனைப் போன்ற ஒருவரை இங்கும் கண்டுபிடியுங்கள் என்பதே அவருடைய நீண்ட ஆராய்ச்சியின் சாரம். பலர் கூடும் சங்கத்துக்கும் முதலில் தனியொருவர் தேவை என்று அவர் கண்டார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் உழவர் சங்கம் ஒன்றும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கம் ஒன்றும் பதிவாயின. இந்திய நாட்டின் முதற் கூட்டுறவுச் சங்கங்களுள் வைத்து எண்ணப்படுபவை இவை. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-இல் 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கிய கடையைப் பற்றிப் படித்து வியக்கும் நாம், காஞ்சியின் பெயரையும் உடன் நினைக்க வேண்டாமா?

ஏரிக்கு மீள்வோம். 2000-ஆம் ஆண்டில் பாசனத்தை உழவரே மேலாண்மை செய்வதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2017 மார்ச்சு மாதத்தில் குடிமராமத்து என்னும் பழம்பெயரோடு அரசின் திட்டம் ஒன்று, திருப்பெரும்பூதூர்ப் பக்கத்து மணிமங்கலம் ஏரியில் தொடங்கி வைக்கப்பட்டது. பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற அதே மணிமங்கலந்தான். முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் என்று அறிவித்தனர். பணத்தில் பெரும்பகுதி அரசுடையது. ஆயக்கட்டு உழவர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்பது ஏற்பாடு. மண்ணைப் பொக்லைன் இயந்திரம் அள்ளிற்று. அதில் தவறில்லை, மனிதர் தலையில் கூடை ஏறாதிருப்பது நல்லதே. ஆனால் ஐந்து விரலும் விரித்து ஓலையை வாங்கிய மத்தியஸ்தனுக்கு நிகராக இன்று யார் என்று ஓர் ஊரில் நான் கேட்டபோது, அங்கிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.

இன்னொரு மாற்றமும் உண்டு. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை எழுந்தது முதல், இவ்வட்டாரத்து இளைஞரின் காலை வேளை வயலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு மாறிவிட்டது. ஆலை வரிசையில் ஒருவன் ஒரு திருகாணியை முடுக்காவிட்டால் அடுத்தவன் கை நிற்கும். அங்கே எவர் எதைச் செய்தார் என்பதற்கு நொடிதோறும் பதிவு உண்டு. அது உத்தரமேரூரார் மெச்சியிருக்கக்கூடிய ஏற்பாடு. மாலையில் திரும்பி வருகையில் அதே இளைஞன் தன் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் மனையாகப் பிரிக்கப்பட்டுக் கல் நட்டிருப்பதைப் பேருந்தின் கண்ணாடி வழியே பார்க்கிறான். அதைக் கேட்பது யார் பொறுப்பு என்று அவனுக்குத் தெரியாது. பல பேர் கண்ட பாம்பு அங்கே நெளிகிறது.

என் வகுப்பில் கேள்வி கேட்ட மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவனும் ஓர் ஆலைப் பணிக்கே சென்றான். 2015-ஆம் ஆண்டின் பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் முதல் நாளிரவு எங்கள் ஊர்ச் சிற்றேரியின் கரையில் நீர் கசிவதாகச் செய்தி வந்தது. நான் குடையோடு சென்றபோது கரையில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தனர். ஆளுக்கொரு பக்கம் மண் மூட்டையைப் போட்டுக்கொண்டிருந்தனர். ஆளுக்கொரு யோசனையைக் கத்தினர். சமையற்காரர் பலர், குழம்பு கெட்டுக்கொண்டிருந்தது. அப்போது நீர்க்கட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், கையில் தடியோடு மெல்லக் கரையேறி வந்தார். பல ஆண்டுகளாக அவரிடம் எவரும் ஏரியைப் பற்றி எதையும் கேட்டதில்லை. அவர் குடும்பத்துக்கு மேரையும் நின்றுபோய் நெடுங்காலம் ஆகியிருந்தது. காலால் ஈரத்தைத் தடவிப் பார்த்து, "இங்கே இல்லே சாமி, அந்தப் பனைமரத்துக்குக் கீழே நண்டு வளை, அதை அடைங்க" என்றார். ஒருவர் மறுத்துப் பேசத் தொடங்கினார். அதற்குள் ஓர் இளைஞன் குரல், "பெரியவர் சொல்றபடி செய்யலாம், வரிசையா நில்லுங்க, மூட்டையைக் கை மாத்தி விடுங்க" என்றது. கைவிளக்கின் ஒளியில் பார்த்தேன். ஆலைச் சீருடையோடு நின்ற அவன்தான் அந்த மாணவன். இரவுப் பணிக்குப் புறப்பட்டவன், பேருந்து வராமையால் ஊரிலேயே இருந்துவிட்டான்.

விடியுமுன் கசிவு நின்றது. கலிங்கு வழியே நீர் சீராகப் போயிற்று. முதியவர் பனைமரத்தடியில் ஈர மண்ணிலேயே அமர்ந்திருந்தார். எவரோ கொணர்ந்த தேநீரை முதலில் அவர் கையில் கொடுத்தான் அவன். அதன்பின் என்னிடம் வந்து, "ஐயா, அந்தக் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றான்.